பதினேழாவது மக்களவையும் வேலூர்த் தொகுதியும்

2019 முதல் 2024 வரை நிலவிய பதினேழாவது மக்களவையின் கட்சி நிலையை அறிய விரும்புவோர், பெரும்பாலும் எண்ணிக்கைப் பட்டியலைக் கண்டு அமைவர். 543 இடங்களுள் பாரதீய ஜனதா கட்சி 303, காங்கிரஸ் 52, திராவிட முன்னேற்றக் கழகம் 24 என்று அப்பட்டியல் கூறும். இவ்விருபத்து நான்கனுள் கடைசியாக வந்து சேர்ந்தது நமது வேலூர். அது வந்து சேர்ந்த விதத்தைப் பட்டியல் கூறாது.

முதற்கண் தமிழ்நாட்டின் 39 இடங்களை நோக்குவோம். தி.மு.க. 24, காங்கிரஸ் 8, கம்யூனிஸ்டுக் கட்சிகள் இரண்டிற்கும் தனித்தனியே 2, முஸ்லிம் லீக் 1, விடுதலைச் சிறுத்தைகள் 1, எதிரணியில் அ.தி.மு.க.வுக்குத் தேனி ஒன்றே. ஆயினும் ஈரோடு, நாமக்கல், பெரம்பலூர், விழுப்புரம் ஆகிய நான்கிலும் வென்றோர் தோழமைக் கட்சியினர். உதயசூரியன் சின்னத்தில் நின்றமையின் தி.மு.க.வின் கணக்கில் அடங்கினர். விடுதலைச் சிறுத்தைகளின் தலைவர் திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் வென்று தம் கட்சியின் பெயரால் எண்ணப்பட, அவர் கட்சியினரான விழுப்புரம் இரவிக்குமார் வேறு கட்சியின் பெயரால் எண்ணப்பட்டார். ஆகவே அவைக் கணக்கை ஆள்வது கொள்கையன்று, சின்னமே.

இனி வேலூருக்கு வருவோம். ஏனைய 38 தொகுதிகளும் 2019 ஏப்ரல் 18ஆம் நாள் வாக்களித்தன. வேலூரில் பெருந்தொகை கைப்பற்றப்பட்டதைக் காட்டித் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்ததன்மேல், அதற்கு இரண்டு நாள் முன்னரே குடியரசுத் தலைவர் இத்தொகுதியின் தேர்தலை இரத்துச் செய்தார். எனினும் இத்தொகுதியில் அடங்கிய ஆம்பூர், குடியாத்தம் சட்டசபை இடைத்தேர்தல்கள் குறித்த நாளிலேயே நடந்தன. ஆம்பூர் வாக்காளர் ஒருவர் அன்று சென்னைக்குப் பிரதிநிதியைத் தேரலாம், டெல்லிக்குத் தேரலாகாது என்பது விந்தையன்றோ!

புதிய அவை ஜூன் 17இல் கூடி, 37 அமர்வுகள் நடத்தி, ஆகஸ்டு 6இல் கலைந்தது. அத்தனை அமர்விலும் வேலூரின் ஆசனம் வெறுமையாயிருந்தது. ஜூலை 5ஆம் நாளைய வரவு செலவுத் திட்டத்தில் பதனிடாத தோலுக்கும் பாதி பதனிட்ட தோலுக்கும் உரிய ஏற்றுமதி வரி திருத்தப்பெற்றது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்கு இதனினும் நெருங்கிய விஷயம் ஏது? ஜூலை 25இல் முத்தலாக் மசோதா அவையில் நிறைவேறிற்று. ஆகஸ்டு 5இல் வேலூர் வாக்களித்தது. மறுநாளே காஷ்மீர் மறுசீரமைப்பு மசோதா அவையில் நிறைவேறிற்று. இங்கோ வாக்குப் பெட்டிகள் எண்ணப்படாமல் கிடந்தன.

ஒருவர் சேர்ந்திருப்பின் எம்முடிவும் மாறியிராது என்பர். உண்மையே. ஆயினும் கை தூக்குதல் ஒன்றே அங்கத்தினரின் தொழிலன்று. வினாத் தொடுத்தலும் ஊரார் குறையை எடுத்துரைத்தலும் அவர் தொழிலேயாம். வரித் திருத்தம் தோல் பதனிடுவோரை எவ்வாறு தாக்கும் என்று அவ்வவையில் வினவுதற்கு இத்தொகுதிக்கென ஒருவர் இல்லை.

ஆகஸ்டு 9இல் வாக்குகள் எண்ணப்பெற்று, தி.மு.க.வின் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு மிகுதியால் வென்றார். தோற்ற ஏ. சி. சண்முகம் புதிய நீதிக் கட்சியின் தலைவராயினும் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றவர். அவர் வென்றிருப்பின் அ.தி.மு.க.வின் கணக்கு இரண்டாகியிருக்கும். அடுத்த கூட்டத்தொடர் நவம்பர் 18இல்தான் தொடங்கிற்று.