மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு தரும் தள்ளுபடி: ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு 11 குறிப்புகள்

ஆஸ்திரேலியாவில் தனியார் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தில் ஒரு பங்கை அரசே ஏற்கும் திட்டம் 1999-இல் தொடங்கியது. அப்போது எல்லோருக்கும் 30 சதவீதம். 2012 ஜூலை முதல் வருமானத்துக்கேற்ப அது மாறுகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு நம் வருமானம் தெரியாது. அதனால் சரியான தள்ளுபடி கிடைக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. தகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெடிகேர் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தத் தள்ளுபடி. மாணவர் விசாவுக்கான காப்பீடு, தற்காலிக வேலை விசாவில் எடுக்கும் காப்பீடு, ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் கவர் எதற்கும் இது கிடையாது. ஆனால் மெடிகேர் தகுதி இல்லாமல் இங்கே வேலை செய்பவர்கள், சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிடம் அதற்கான சான்று வாங்கினால் 2 சதவீத மெடிகேர் லெவியிலிருந்து விலக்குப் பெறலாம். வரிக்கணக்குக் கொடுக்கும் முன்பே சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

2. உங்கள் படிநிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025-26 நிதியாண்டில் தனிநபருக்கு 1,01,000 டாலர் வரையிலும், குடும்பத்துக்கு 2,02,000 டாலர் வரையிலும் முழுத் தள்ளுபடி. முதல் படி 1,18,000 (குடும்பம் 2,36,000) வரை. இரண்டாம் படி 1,58,000 (குடும்பம் 3,16,000) வரை. அதற்கு மேல் தள்ளுபடி இல்லை. இரண்டாவது குழந்தையிலிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் குடும்ப வரம்பு 1,500 டாலர் உயரும். குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் தாய் அல்லது தந்தைக்கும் குடும்ப வரம்புதான்.

3. சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சாலரி சாக்ரிஃபைஸ் செய்து சூப்பரில் போட்ட பணம், வாடகை வீட்டில் காட்டிய நிகர நட்டம், வேலையிடம் தரும் ஃபிரிஞ்ச் பெனிஃபிட் எல்லாம் இந்தக் கணக்கில் வருமானமாகச் சேரும். நோவேட்டட் லீஸில் மின்சாரக் கார் எடுத்தவர்கள் கவனிக்க வேண்டும்: அதற்கு ஃபிரிஞ்ச் பெனிஃபிட் வரி விலக்கு இருந்தாலும், தொகை இங்கே கூட்டப்படும். பலர் அடுத்த படிக்குப் போவது இதனால்தான்.

4. வயதுக்கும் பலன் உண்டு. 2025 ஜூலை முதல் 2026 மார்ச் வரை முழுத் தள்ளுபடி விகிதம் 65 வயதுக்குக் கீழே 24.288 சதவீதம், 65 முதல் 69 வரை 28.337, எழுபதும் அதற்கு மேலும் 32.385. பாலிசியில் உள்ளவர்களில் மூத்தவரின் வயதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நிரந்தர விசாவில் வந்து மெடிகேர் பெற்ற பெற்றோர் இருந்தால், அவர்கள் பாலிசியில் சரியான விகிதம் விழுகிறதா என்று கேளுங்கள்.

5. வாங்க இரண்டு வழிகள். காப்பீட்டு நிறுவனத்திடம் படிவம் கொடுத்து பிரீமியத்திலேயே குறைத்துக்கொள்ளலாம். அல்லது முழுப் பிரீமியம் கட்டி, வரிக்கணக்கில் திரும்பப் பெறலாம். கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லாவிட்டாலும் இந்தப் பணம் கைக்கு வரும். ஆகவே வருமானம் குறைவு என்பதற்காக வரிக்கணக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

6. படிநிலையை நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள். 4-ஆம் குறிப்பில் 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சொன்ன விகிதப்படி, ஆண்டுக்கு 4,000 டாலர் பிரீமியம் உள்ள குடும்பம் முழுத் தள்ளுபடியாக ஏறத்தாழ 972 டாலர் பெறும். முதல் படியில் விகிதம் 16.192 சதவீதம், கிடைப்பது சுமார் 648 டாலர்தான். கூடுதலாகப் பெற்ற 324 டாலரை வரி அலுவலகம் கணக்கு முடிக்கும்போது கேட்கும். பதவி உயர்வு, இரண்டாவது வேலை, துணைவர் வேலைக்குத் திரும்புவது போன்ற மாற்றம் வந்தால் உடனே படியை மாற்றச் சொல்லுங்கள். குறைவாகப் பெற்றிருந்தால் மீதி வரிக்கணக்கில் வந்து சேரும்.

7. கணவன் மனைவி ஒரே பாலிசியில் இருந்தால், யார் பணம் கட்டினாலும் ஆளுக்குப் பாதி என்றே கணக்கு. இருவர் பங்கையும் ஒருவரே கோரவும் வழி இருக்கிறது. துணைவர் வரிக்கணக்குக் கொடுக்கத் தேவையில்லாத வீடுகளில் இது உதவும். ஒரே பங்கை இருவரும் கோரிவிடாதீர்கள்.

8. பாலிசி அறிக்கையில் இரண்டு வரிகள் இருந்தால் இரண்டையும் பதியுங்கள். விகிதம் ஒவ்வோர் ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறுவதால், மார்ச் 31 வரை கட்டியது ஒரு வரியிலும் அதற்குப் பிறகு கட்டியது இன்னொரு வரியிலும் இருக்கும். 2019-க்குப் பிறகு இந்த அறிக்கையை அனுப்ப வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லை, கேட்டால் தருவார்கள். மைடாக்ஸில் விவரங்கள் தானாக வந்து நிற்கும்வரை காத்திருப்பது நல்லது.

9. முடிந்தால் மார்ச் மாதத்திலேயே முன்பணம் கட்டுங்கள். பிரீமியம் வழக்கமாக உயர்வதும் ஏப்ரல் 1-ஆம் தேதிதான். பணம் கட்டிய நாளின் விகிதமே தள்ளுபடிக்குப் பொருந்தும். எத்தனை மாதம் முன்கூட்டிக் கட்டலாம் என்பதை உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. தாமதக் கட்டணத்தையும் சர்சார்ஜையும் மறக்காதீர்கள். 30 வயதுக்குப் பின் ஹாஸ்பிடல் கவர் எடுக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 சதவீதம் பிரீமியத்தில் ஏறும். அந்த ஏற்றத்துக்குத் தள்ளுபடி இல்லை. 31 வயதுக்கு மேல் புதிதாகக் குடியேறியவர்கள், முழு மெடிகேருக்குப் பதிவான 12 மாதத்துக்குள் எடுத்துவிட்டால் இந்த ஏற்றம் கிடையாது. பல், கண்ணாடிக்கான எக்ஸ்ட்ராஸ் மட்டும் எடுத்தால் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் வருமானம் முழுத் தள்ளுபடி வரம்பைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.5 சதவீத மெடிகேர் லெவி சர்சார்ஜ் விழும். அதைத் தவிர்க்க ஹாஸ்பிடல் கவர் வேண்டும். அதன் எக்ஸஸ் தனிநபருக்கு 750 டாலருக்கும் குடும்பத்துக்கு 1,500 டாலருக்கும் மிகக் கூடாது.

11. விட்டுப்போனதைத் திருத்தலாம். பெரும்பாலானோர் வரி மதிப்பீடு வந்த இரண்டு ஆண்டுக்குள் திருத்தம் கேட்க முடியும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெரியவர்களுக்காக 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்து, வரி அலுவலகத்துடன் பேசலாம். காப்பீட்டு நிறுவனத்தோடு தகராறு தீராவிட்டால் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.