மூவாயிரம் ரூபாயில் உடம்பு தேற்ற முடியுமா?

கேள்வி: கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 55 கிலோ. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு குக்கரும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குக் கல்லூரி மெஸ்ஸில் பணம் கட்டிவிட்டேன். மற்ற வேளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் என்னால் செலவு செய்ய முடியாது. ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, எடை ஏறவே இல்லை. வே புரோட்டீன் பவுடர் குடித்தால்தான் உடம்பு வரும் என்கிறார் பயிற்சியாளர். ஒரு கிலோ டப்பா 2,800 ரூபாய். இப்போதைக்கு முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் சாப்பிடுகிறேன். மீல்மேக்கர் ஆண்களுக்கு ஆகாது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். எங்கள் அறையில் ஒருவன் முட்டைகூடத் தொடமாட்டான். நாங்கள் என்னதான் வாங்குவது?

– வாசகர், கோவை

பதில்: தம்பி, அந்த டப்பாவை வாங்க வேண்டாம். வே பவுடர் பாலிலிருந்து எடுக்கப்படும் நல்ல புரதம்தான், அதில் குற்றமில்லை. உங்கள் வருமானத்துக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். ஒரு கிலோ டப்பாவில் ஏறத்தாழ 30 கரண்டி தேறும். ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம். அப்படியென்றால் ஒரு கரண்டிக்கு 93 ரூபாய். நான்கு முட்டையில் அதே 24 கிராம் கிடைத்துவிடும், அதற்கு 30 ரூபாய்கூட ஆகாது. மாதச் சாப்பாட்டுப் பணம் மொத்தத்தையும் டப்பாவில் போட்டுவிட்டு, இரவு இரண்டு பரோட்டாவோடு படுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு எடை ஏறுவதில்லை.

கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? அறை எடுத்துத் தங்கும் மாணவர்களில் பலருக்குக் காலை உணவு டீயும் பன்னும்தான், பாதி நாள் அதுவும் கிடையாது. உங்கள் உயரத்துக்கு 55 கிலோ குறைவு. உடம்புக்குத் தேவையான மொத்தச் சக்தியே கிடைக்காதபோது, நீங்கள் சாப்பிடும் புரதத்தில் ஒரு பகுதியையும் உடம்பு எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். தசைக்கு மிஞ்சுவது குறைந்துபோகும். ஆகவே நீங்கள் இப்போது சாப்பிடுவதற்கு மேல் தினமும் 300 முதல் 500 கலோரி வரை கூடுதலாக உள்ளே போக வேண்டும். அதோடுதான் புரதக் கணக்கு.

சாதாரணமாக ஒருவருக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை. எடை தூக்கித் தசை வளர்ப்பவருக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வேண்டும். உங்களுக்கு நாளைக்கு 88 கிராம். அதற்கு மேல் 150, 200 என்று ஏற்றுவதால் பெரிய பலன் இல்லை, பணம்தான் போகும்.

இனி கடைக்குப் போவோம். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ஒரே ஒரு கணக்குப் போடுங்கள்: ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம்? நான் சொல்லும் விலைகள் சுமாரானவை, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கு மாறாது. மீல்மேக்கர் கிலோ 150 ரூபாய் என்றால், அதில் 520 கிராம் புரதம் இருக்கிறது, ரூபாய்க்கு மூன்றரை கிராம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, துவரம்பருப்பு, நிலக்கடலை எல்லாம் ரூபாய்க்கு இரண்டு கிராமை ஒட்டி வரும். முட்டையும் பாலும் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிராய்லர் கோழியில் எலும்பு கழித்துப் பார்த்தால் அரை கிராம்தான் தேறும். பன்னீர் அதைவிடக் கொஞ்சம் கீழே. பாதாமும் வே பவுடரும் கால் கிராம். ஹெல்த் டிரிங்க் என்று டப்பாவில் விற்கும், பாலில் கலக்கும் மாவுகளை இந்த வரிசையில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. அவற்றில் பெரும்பங்கு மாவும் சர்க்கரையும்தான்.

அதற்காக முழுக்க முழுக்க மீல்மேக்கரையே சாப்பிடச் சொல்லவில்லை. நாளைக்கு 40 கிராம், அதாவது உலர்ந்த உருண்டைகள் ஒரு கைப்பிடி சொச்சம் போதும், 20 கிராம் புரதம் வந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள், வாடை போகும். ஆண்களுக்கு ஆகாது என்ற பயம் தேவையில்லை. மீல்மேக்கர் சோயாவில் செய்வது, அந்தச் சோயாவில் இருக்கும் ஐசோஃப்ளேவோன் என்ற பொருளைப் பற்றிய பயம் அது. ஆண்களை வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சோயாவால் டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை என்பது தெளிவாகியிருக்கிறது.

முட்டை விஷயத்தில் நீங்கள் செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு மஞ்சள் கருவில் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12 எல்லாம் அங்கேதான். காசு கொடுத்து வாங்கி அதைக் குப்பையில் போடுகிறீர்கள். உங்கள் வயதில் ஆரோக்கியமாக இருப்பவர் நாளைக்கு மூன்று முட்டை முழுதாகச் சாப்பிடலாம். குடும்பத்தில் சிறு வயதிலேயே மாரடைப்பு, அதிகக் கொழுப்பு என்று யாருக்காவது இருந்தால் மட்டும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு முடிவு செய்யுங்கள். பச்சை முட்டையை உடைத்து அப்படியே வாயில் ஊற்றும் பழக்கம் ஜிம்களில் இன்னும் போகவில்லை. வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கிறது, பச்சை முட்டையில் பாதிதான். கிருமித் தொற்று வரவும் வாய்ப்புண்டு. நாட்டுக்கோழி முட்டைக்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள். அது அளவில் சிறியது, புரதமும் அதற்கேற்றபடிதான். நாமக்கல்லிலிருந்து வரும் சாதாரண முட்டையே போதும். சில்லறையில் நான்கு, ஐந்து என்று வாங்காமல் மொத்தக் கடையில் 30 முட்டை கொண்ட அட்டையாக வாங்கினால் முட்டைக்கு அரை ரூபாயோ அதற்கு மேலோ மிச்சமாகும்.

நீங்கள் கோவையில் இருப்பது ஒரு வசதி. மாதத் தொடக்கத்தில் நான்கு பேரும் பணத்தைச் சேர்த்துக்கொண்டு ரங்கே கவுடர் வீதிக்குப் போங்கள். பயறு, கடலை, பருப்பு, மீல்மேக்கர் எல்லாவற்றையும் சில்லறையாக இல்லாமல் கிலோக் கணக்கில் வாங்குங்கள். காய்கறிக்கு ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி என்று உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் உழவர் சந்தை. மீன் பிடிக்கும் என்றால் உக்கடம் மார்க்கெட்டில் மத்தி மலிவாக வரும் நாள் பார்த்து வாங்குங்கள். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பல மடங்கு மத்தி கிடைக்கும், புரதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே, இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் நிறைய. கோழிக்கடையில் ஈரல் கறியைவிட விலை குறைவு. வாரம் ஒரு தடவை அது போதும், இரும்புச்சத்தும் சேரும். ஊருக்குப் போகும்போது வீட்டில் ரேஷன் அரிசி மிஞ்சுகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வீட்டுக்குத் தேவைப்படாத மாதத்தில் அவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். இதில் கூச்சப்பட எதுவுமில்லை.

சமையலுக்கு வருவோம். கொங்கு நாட்டு அரிசிப் பருப்புச் சாதத்தைவிட உங்களுக்குப் பொருத்தமான ஒன்றை என்னால் சொல்ல முடியாது. ஒரே குக்கர், மூன்று விசில், வேலை முடிந்தது. அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். இரண்டும் சேரும்போது முட்டைப் புரதத்துக்கு நெருங்கி வரும். வீட்டில் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புப் போடுவார்கள். நீங்கள் இரண்டுக்கு ஒன்று போடுங்கள். பிழிந்த மீல்மேக்கரையும் அதிலேயே போட்டு வேகவிடலாம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டால் கலோரியும் ஏறும்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். எள்ளைப் பற்றிச் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும். அதன் எடையில் பாதி எண்ணெய், 100 கிராமில் 570 கலோரி, சுண்ணாம்புச்சத்தும் தாராளம். எள்ளுப்பொடி அரைத்து வைத்துக்கொண்டு இட்லிக்கும் சோற்றுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று பயந்து அதை ஒதுக்க வேண்டாம். அதிலும் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் இருக்கிறது, அது உங்களை இன்னும் இளைக்கவைக்காது.

காலையில் அடுப்புப் பற்றவைக்க நேரமில்லாத நாளில் மாநகராட்சியின் அம்மா உணவகத்துக்குப் போங்கள். இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5 ரூபாய். முந்தின இரவே அவித்து வைத்த முட்டை இரண்டைக் கையோடு கொண்டுபோனால் 20 ரூபாய்க்குள் முழுக் காலை உணவு. மாலையில் ஜிம்முக்குப் போகும் முன் இரண்டு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும். கடலை வாங்கும்போது சுருங்கியது, கருத்தது, பூஞ்சை பிடித்தது எதையும் சேர்க்காதீர்கள். பூஞ்சையில் உண்டாகும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

கூட்டிப் பார்ப்போம். மூன்று முட்டை 18 கிராம், ஆவின் நீலப் பாக்கெட் பால் அரை லிட்டர் 16, மீல்மேக்கர் 20, நிலக்கடலை 50 கிராமில் 12, ஊறவைத்த பயறோ கொண்டைக்கடலையோ உலர் எடையில் 50 கிராம் என்றால் 10. மொத்தம் 76 கிராம். மூன்று வேளைச் சோறும் பருப்பும் இட்லியும் மீதியைத் தாண்டிக் கொடுத்துவிடும். இந்த ஐந்துக்கும் நாளைக்கு 60 ரூபாய், மாதம் 1,800. மீதி 1,200 ரூபாயில் அரிசி, எண்ணெய், காய், பழம், மாதம் இரண்டு ஞாயிறு கோழி. நெருக்கிப் பிடித்துத்தான் செலவு செய்ய வேண்டும், ஆனால் முடியும். பாலில் பச்சை, ஆரஞ்சுப் பாக்கெட்டுகளில் கூடுவது பெரும்பாலும் கொழுப்புதான், புரதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

முட்டை சாப்பிடாத உங்கள் நண்பர் பாலையும் தயிரையும் சேர்த்து முக்கால் லிட்டராக்கிக்கொள்ளட்டும், இரவில் பயறு இரட்டிப்பாகட்டும். அவருக்குப் பால் பொருள்தான் பி12 கிடைக்கும் வழி, அதை நிறுத்தவே கூடாது. பயறுக்குப் பழகாத வயிறு முதல் வாரம் உப்பும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுங்கள்.

எதுவும் தொடங்குமுன் ஒன்று. நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனால், தொடர் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, அடங்காத தாகமோ இருந்தால், அரசு மருத்துவமனையில் காசநோய், தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த அளவுப் புரதத்தை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரத்துக்குக் கால் கிலோ ஏறினால் சரியான பாதையில் போகிறீர்கள். மூன்று வாரமாகியும் எடை அசையவில்லை என்றால் புரதத்தைக் கூட்டாதீர்கள். இரவுத் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு போட்டுக்கொள்ளுங்கள்.