அடுப்புச் சுவரில் மஞ்சள் கோடு

கேள்வி: புது வீட்டில் சமையலறை வேலை நடக்கிறது. இப்போது இருக்கும் வாடகை வீட்டில் அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸ் பளபளப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இடையில் ஓடும் கோடெல்லாம் மஞ்சளித்துக் கறுத்துவிட்டது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "விலை கூடிய டைல்ஸ் வாங்குங்கள், கறையே பிடிக்காது" என்கிறார் கடைக்காரர். கிரானைட்டையே சுவரிலும் ஏற்றிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மகளுக்குக் கண்ணாடிதான் வேண்டுமாம். எதைப் போடுவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். டைல்ஸ் நன்றாக இருக்கிறது, கோடுதான் கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்த்திருக்கிறீர்களே, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. "டைல்ஸ் வீணாகிவிட்டது" என்று சொல்லி, இன்னும் விலை கூடியதை வாங்கி ஒட்டி, அடுத்த வருடமே அதே மஞ்சள் கோட்டைப் பார்க்கிறார்கள்.

முதலில் அந்த விலை விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேலை நடக்கும் இடத்தில் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்று கட்டாயம் கிடக்கும். அதன் முன்பக்கம் ஒரு சொட்டு, பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முன்பக்கச் சொட்டு முத்துப்போல் நிற்கும். பின்பக்கச் சொட்டு கண்ணெதிரே உள்ளே போய் ஈரத்தடம் மட்டும் மிஞ்சும். சாதாரணச் சுவர் டைல்ஸின் மண்பகுதி, தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கக்கூடியது. முன்பக்கத்தைக் காப்பது கிளேஸ், அதாவது சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு. இது விலை குறைந்ததிலும் உண்டு, கூடியதிலும் உண்டு. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது பெரிய அளவும், நல்ல டிசைனும், நேரான ஓரமும்தான்.

அப்படியானால் கறை எங்கே பிடிக்கிறது? கோட்டுக்குள். அங்கே பூசியிருப்பது ஒயிட் சிமெண்ட் அல்லது ஜாயிண்ட் பவுடர். குழைக்கும்போது சேர்த்த தண்ணீரில் ஒரு பங்கு பிறகு ஆவியாகிப் போகிறது. அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளையாக நின்றுவிடுகிறது. சுலபமாக இறங்கட்டும் என்று தண்ணீரைத் தாராளமாக விட்டுக் குழைத்தால் துளையும் அந்த அளவுக்குக் கூடும்.

தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் இந்தத் துளைகளில் இறங்குகிறது. இறங்கி எண்ணெயாகவே இருந்தால் பரவாயில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அடுப்புச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மரவேலைக்காரர்கள் பூசும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், காய்ந்து கெட்டியாவதும் இதே முறையில்தான். சூரியகாந்தி எண்ணெய் இப்படிச் சீக்கிரம் பிசுக்காகும், தேங்காய் எண்ணெய் மிக மெதுவாகத்தான் ஆகும். ஆக, உங்கள் சுவரில் இருப்பது அழுக்கு என்பதைவிடக் காய்ந்த வார்னிஷ் என்பதே சரி. சோப்புப் போட்டுத் தேய்த்து அது வரவில்லை என்றால் குறை உங்கள் கையில் இல்லை.

மஞ்சள் நிறத்துக்கும் காரணம் உண்டு. மஞ்சளின் சாயமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய் போகும் இடமெல்லாம் கூடவே போகும். தேய்க்கிறபோது கோடு சிவப்பாக மாறியதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பில் உள்ள காரம் பட்டதால் வரும் நிறம் அது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நடப்பதேதான்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருவோம். எந்தக் கல், எந்த டிசைன் என்பதற்கு முன்னால், மொத்தம் எத்தனை அடி கோடு வரும் என்று கணக்குப் போடுங்கள். 10 அடி நீளம், 2 அடி உயரச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலச் சின்ன டைல்ஸ் ஒட்டினால் குறுக்கும் நெடுக்குமாக 108 அடிக் கோடு வரும். 2 அடிக்கு 1 அடி டைல்ஸைப் படுக்கைவாட்டில் ஒட்டினால் 18 அடி. 4 அடிக்கு 2 அடி என்றால் வெறும் 4 அடி! சின்னக் கட்டம் படத்தில் அழகாக இருக்கும், வாரக்கடைசியில் பிரஷ்ஷோடு நிற்கப் போவது நீங்கள். பெரியது வாங்கும்போது 'ரெக்டிஃபைடு' என்று கேட்டு வாங்குங்கள். சுட்ட பிறகு ஓரத்தை நேராக அறுத்துத் தேய்த்த டைல்ஸ் அது. அதில்தான் கோட்டை 2 மில்லிமீட்டருக்கு அடக்க முடியும். பணம் கூடக் கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள்.

மிஞ்சும் கோட்டுக்கு எபாக்ஸி போடச் சொல்லுங்கள். பிசினும் அதை இறுக வைக்கும் மருந்தும் தனித்தனியாக வரும், கலந்து பூசினால் துளையில்லாமல் கெட்டியாகிவிடும். விலை கூடுதல்தான், ஆனால் 18 அடிக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது? மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் எபாக்ஸியும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசையும் இடம் அது. சிலிக்கோன்தான் விரிசல் விடாமல் நீண்டு கொடுக்கும்.

மேஸ்திரி சொல்வதும் நல்ல யோசனையே. மேடைக்கு வாங்கிய கறுப்பு கிரானைட்டில் மிச்சம் இருந்தால் அடுப்புக்குப் பின்னால் மூன்று நான்கு அடிக்கு ஒரே துண்டாக நிறுத்துங்கள். 18 மில்லிமீட்டர் கல், சதுர அடிக்குச் சுமார் நாலரை கிலோ இருக்கும். எனவே மேடைமேல் உட்கார வைக்க வேண்டும், பசையை மட்டும் நம்பக் கூடாது. வெளிர் நிறக் கற்களில் சில எண்ணெயை இழுத்துத் திட்டாகிவிடும். மார்பிளும் கடப்பாக்கல்லும் இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம். இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட், புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து மங்கிவிடும்.

மகள் கேட்கும் கண்ணாடியில் கோடே இல்லை, அவர் நினைப்பில் தவறில்லை. ஆனால் டஃபன்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றில் குளிரவைத்த கண்ணாடி அது. சாதாரணக் கண்ணாடி அடுப்பருகே ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடும். டஃபன்டு ஆன பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, ஸ்விட்ச் பாக்ஸ் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். கண்ணாடிபோல் பளபளக்கும் பிவிசி ஷீட்டை யாராவது சிபாரிசு செய்தால் அடுப்புப் பக்கம் மட்டும் விடாதீர்கள். அது பிளாஸ்டிக், சூட்டில் இளகிவிடும்.

உங்கள் வீட்டுக்கு நான் போடுவதானால், அடுப்புக்குப் பின்னால் கிரானைட் ஒரே துண்டு, மற்ற இடத்தில் 2 அடிக்கு 1 அடி கிளேஸ் டைல்ஸ், கோட்டில் எபாக்ஸி. எபாக்ஸி போடும் அன்று நீங்கள் அங்கே இருங்கள். இறுகுவதற்குள் டைல்ஸ் மேல் படிந்ததை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். விட்டால் மங்கலான படலம் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். துடைத்தபின் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள், எங்காவது பிசுபிசுத்தால் மேஸ்திரி சாமான்களைக் கட்டுவதற்குள் இன்னொரு முறை துடைக்கச் சொல்லுங்கள்.