அலங்கார மீன் வளர்ப்பு: புதிய தொட்டியைத் தயார்செய்தல்

மாணவர்களே, பின்வரும் சந்தர்ப்பத்தைக் கவனியுங்கள். புதிய கண்ணாடித் தொட்டியில் நீரை நிரப்பி, அன்று மாலையே பத்து மீன்களை விடுகிறீர்கள். நீர் தெளிவாக இருக்கிறது. உணவும் ஒழுங்காக இடுகிறீர்கள். ஆயினும், சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. காரணம் என்ன? மீன் வளர்க்கத் தொடங்குவோர் பலர் இவ்விடத்திலேயே மனம் தளர்ந்து தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகின்றனர்.

1. தெளிந்த நீரும் நஞ்சாகலாம்

மீன்கள் தமது நைத்திரசன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகப் பூக்களினூடாக வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகும். இது நீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மீன்களுக்கு நஞ்சாகும். இதனை மாற்றுபவை நைத்திரேற்றமாக்கும் பற்றீரியாக்கள் ஆகும்.

அமோனியா → நைத்திரைற்று → நைத்திரேற்று

• முதற்படி: நைத்திரொசோமோனாசு போன்றவை. விளைவான நைத்திரைற்றும் நஞ்சே; அது குருதி ஒட்சிசனைக் காவுவதைத் தடுக்கும்.
• இரண்டாம்படி: நைத்திரோபற்றர், நைத்திரோசுபைரா போன்றவை. நைத்திரேற்றின் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

இப்பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் பரலிலும் ஒட்டி வாழும். புதிய தொட்டியில் இவை போதியளவு இல்லை. போதியளவு பெருகுவதற்கு ஏறத்தாழ 4 – 6 வாரங்கள் செல்லும்.

2. தொட்டியின் கனவளவு

உதாரணம்: நீளம் 60 சென்ரிமீற்றர், அகலம் 30 சென்ரிமீற்றர், நீரின் உயரம் 25 சென்ரிமீற்றர் எனின்,

60 × 30 × 25 = 45 000 கனசென்ரிமீற்றர் = 45 லீற்றர்

இந்நீரின் திணிவு மட்டும் ஏறத்தாழ 45 கிலோகிராம். எனவே உறுதியான, மட்டமான மேசை அவசியம். தொட்டியின் கீழ் ரெஜிபோம் தகடொன்றை இடுக. நேரடிச் சூரியஒளி படின் அல்கா பெருகும், அவ்விடத்தைத் தவிர்க்க.

3. செய்முறை ஒழுங்கு

(அ) தொட்டியையும் பரலையும் சவர்க்காரமின்றி நீரினால் கழுவுக.
(ஆ) குழாய்நீராயின், அகன்ற வாயுடைய பாத்திரத்தில் குறைந்தது 24 மணித்தியாலம் திறந்து வைத்துக் குளோரீனை அகற்றுக. குளோரீன் மீன்களுடன் பற்றீரியாக்களையும் பாதிக்கும்.
(இ) பஞ்சு வடிகட்டியையும் வளியூட்டியையும் தொடர்ந்து இயக்குக.
(ஈ) மீன்களை விடாது, நாள்தோறும் சிறிதளவு மீனுணவை நீரில் இடுக. அது அழுகித் தரும் அமோனியாவே பற்றீரியாக்களின் உணவாகும்.
(உ) நண்பரொருவரின் பழைய தொட்டியிலுள்ள வடிகட்டிப் பஞ்சின் ஒரு பகுதியைச் சேர்த்தால் காலம் குறையும். அத்தொட்டியின் மீன்கள் நோயற்றவையா எனப் பார்த்துக்கொள்க.
(ஊ) அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனச் சோதித்தறிந்தபின், தொட்டி நீரின் காற்பங்கை மாற்றி, கப்பி போன்ற உரமான மீன்கள் நான்கைந்தை மட்டும் விடுக. ஏனையவற்றை வாரக்கணக்கில் இடைவெளிவிட்டுச் சேர்க்க.

4. தொடர்ந்து பராமரித்தல்

• இரண்டு, மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவு உணவே போதும்.
• வாரந்தோறும் நீரின் ஐந்திலொரு பங்கை மாற்றுக.
• வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.
• வளர்ப்பு மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். ‘ராங்க் கிளீனர்’ எனப்படும் மீன் இலங்கையின் நன்னீர் நிலைகளில் ஆக்கிரமிப்பு இனமாகப் பரவியுள்ளது.

பயிற்சி வினா

தொட்டியைச் சுத்தமாக்க எண்ணிய மாணவி ஒருத்தி நீர் முழுவதையும் அகற்றி, வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் நன்கு கழுவினாள். மூன்று நாட்களின் பின் மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து நின்றன. காரணம் தருக.

விடை: பஞ்சிலிருந்த பற்றீரியாக்கள் கழுவப்பட்டும் குளோரீனால் அழிந்தும் குறைந்தன. அதனால் அமோனியாவும் நைத்திரைற்றும் சேர்ந்தன. அமோனியா பூக்களைப் பாதிக்க, நைத்திரைற்று ஒட்சிசன் காவலைக் குறைத்தது. “நீர் அழுக்கடைந்தது” என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது.