அரைக் குரலில் ஒரு வசந்தம்

கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் பாடுகிறவன் நான். எந்த ஊரானாலும் ஒரு பெரியவர் துண்டுச் சீட்டில் ‘காலங்களில் அவள் வசந்தம்’ என்று எழுதி அனுப்பிவிடுவார். கேட்க எளிதாக இருக்கும் பாட்டு. அதனால் குழுவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் முந்திக்கொண்டு மைக்கைப் பிடிப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சுருதி. மற்ற பாட்டுகளுக்கு மேல் ஸ்தாயி எட்டுமா என்று பார்த்துக் கட்டையை முடிவு செய்வோம். இதைப் பாடிய பி.பி. ஸ்ரீநிவாஸின் பாட்டுக்கு அடியிலிருந்து பார்க்க வேண்டும். கீழ் ஸ்வரத்தில் குரல் வெறும் காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். கரோக்கி ட்ராக் யார் குரலுக்கோ போட்டது. கீபோர்டுக்காரரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம்.

இந்தப் பாட்டு இடம்பெற்ற, 1961இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் சிவாஜிக்கு டி.எம்.எஸ்., ஜெமினிக்கு பி.பி.எஸ். முன்னவர் நெஞ்சைத் திறந்து பாடுவார். பின்னவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவுக்குத்தான் குரல் கொடுக்கிறார். இசையமைத்த விஸ்வநாதன்–ராமமூர்த்திக்கு இரண்டுமே தேவைப்பட்டன. பி.பி.எஸ்ஸின் மென்மை நமக்கு வராது. அந்த அளவை வேண்டுமானால் பழகிக்கொள்ளலாம். மைக்கை நாலு விரற்கடைக்குக் கொண்டுவந்து பாதிக் குரலில் பாடுங்கள். கிட்டே போனால் அடிக்குரலை மைக்கே தடிமனாக்கிக் கொடுக்கும். பகரம் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்காவிட்டால் ஸ்பீக்கரில் ‘புஸ்’ஸென்று காற்றடிக்கும்.

பல்லவிதான் பெரிய சோதனை; அது ஒப்புமைகளின் அடுக்கு. கீதையின் 10ஆம் அத்தியாயத்தில், மாதங்களுள் சிறந்த மார்கழியும் பருவங்களுள் வசந்தமும் தானே என்று கண்ணன் அடுக்கிக்கொண்டே போவான். அந்த அடுக்கைத் தூக்கிக் காதலிக்குச் சூட்டிவிட்டார் கண்ணதாசன். இது தெரிந்து பாடினால் அசட்டுக் குழைவு போய் ஒரு மரியாதை வந்துவிடும். ஆனால் அடுக்கு என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒப்பித்தால் ரேஷன் கடை போர்டைப் படிக்கிற மாதிரி ஆகிவிடும். ஒன்றை நேராகத் தாளத்தில் வையுங்கள், அடுத்ததை மயிரிழை பிந்தி விடுங்கள். மூச்சு வாங்குவது ஒப்புமை முழுதாக முடிந்த பிறகு; நடுவில் வாங்கினால், அவள் எது என்று கேட்பவருக்குத் தெரியாமல் தொங்கும்.

பல்லவிக்குத் திரும்பும்போது பிருகா போடும் ஆசை எல்லோருக்கும் வரும். டிவி போட்டிகள் தொற்றவைத்த வியாதி இது என்பது என் எண்ணம். கைதட்டல் நிச்சயம் கிடைக்கும், பாட்டு மட்டும் போய்விடும்.

இன்னொன்று. முந்தின பாட்டு குத்துப்பாட்டாக இருந்தால் மிக்ஸரில் எக்கோ தூக்கலாகவே நின்றிருக்கும். சவுண்ட்காரரைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். அவர் சாப்பிடப் போயிருந்தால், வரும்வரை வேறு பாட்டைப் பாடலாம். சீட்டு அனுப்பிய பெரியவர் காத்திருப்பார்.