பாராட்டுக் கடிதம்: ஒரு வகுப்பறை அனுபவம்

பத்தாம் வகுப்பில் கடிதப் பயிற்சி என்றாலே நூலகம் வேண்டி, பேருந்து வேண்டி என விண்ணப்பங்களாகவே அமைந்துவிடும். இம்முறை, வளரிளம் பெண்களின் கல்விக்கு உழைத்த ஒருவரைப் பாராட்டி எழுதச் சொன்னேன்.

முதலில் சகோதரி சுப்புலட்சுமியை அறிமுகப்படுத்தினேன். 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். தந்தையின் துணையோடு படித்து, 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களைத் தம் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். பின்னர் அவ்வில்லம் இன்றைய விவேகானந்தர் இல்லமான ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. அங்குப் படித்தோர் பலர் ஆசிரியர்களாயினர். 1958இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

"எங்க தெருப் பொண்ணுங்களையும் சேர்த்துக்கிட்டாங்களா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. அவ்வில்லம் அன்று பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததை மறைக்காமல் சொன்னேன். சற்று யோசித்தவள், "அப்ப, எங்க தெருவுக்கு வர்ற அக்காவைப் பத்தி எழுதட்டுமா?" என்றாள். அவள் சொன்னது எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியை.

முதல் வரைவுகளில் 'தியாகச் சுடர்', 'பெண்குலத் திலகம்' என்ற சொற்களே நிறைந்திருந்தன. அவை யாருக்கும் பொருந்தும். எனவே கரும்பலகையில் மூன்று வினாக்கள் எழுதினேன்: என்ன செய்தார்? யாருக்காகச் செய்தார்? அதனால் என்ன மாறியது?

மாணவர்கள் விசாரித்து வந்தனர். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டியபின் வரும் மாணவியரைப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை அழைத்துச் செல்பவர் அவர். திருமணப் பேச்சால் படிப்பை நிறுத்திய ஒரு மாணவியின் வீட்டுக்கு ஐந்து முறை சென்று பேசி, அவளை மீண்டும் பள்ளிக்கு அனுப்பியவரும் அவரே. அந்த மாணவியின் பெயருக்கு நேரே 'நீண்ட விடுப்பு' என்று எழுதியதோடு நின்றுவிட்டவள் நான்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தோம். அந்த மாணவியை அடையாளம் காட்டும் எதையும் அதில் சேர்க்கவில்லை. கேட்டு முடித்த அவர் சொன்னார்: "பாராட்டு இருக்கட்டும் டீச்சர். ஒரு பொண்ணு மூணு நாள் வரலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

இப்போது என் வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் இரண்டு எண்கள் உள்ளன. ஒன்று 1098, குழந்தைகள் உதவி எண். மற்றொன்று அவருடையது. மூன்றாம் நாள் காலை இறைவணக்கம் முடிந்ததும் அழைத்துவிடுகிறேன். உங்கள் பள்ளியின் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். மாணவியரைக் கேட்டால் சொல்வார்கள்.