பணம் யாருடையது? கருக் குருத்தணு விவாதமும் ஒரு வகுப்பறையும்

பன்னிரண்டாம் வகுப்பில், ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கருவிலிருந்து எடுக்கப்படும் குருத்தணுக்களைப் பற்றிச் சொல்லும்போது, "இந்த ஆய்வை அமெரிக்காவில் புஷ் தடை செய்தார், ஒபாமா வந்து தடையை நீக்கினார்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஒரு மாணவி எழுந்தாள். "சார், தடைன்னு சொன்னீங்க. ஆனா 2004ல கலிபோர்னியா மாநிலத்துல இதே ஆய்வுக்கு 300 கோடி டாலர் ஒதுக்க மக்கள் ஓட்டுப் போட்டிருக்காங்க. தடை இருந்தா அது எப்படி சார் முடியும்?"

என்னிடம் பதில் இல்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். படித்தபோது, நான் சொன்னது பிழை என்று தெரிந்தது. அந்தப் பிழையைத் திருத்த நான் எடுத்துக்கொண்ட இரண்டு பாடவேளைகளைத்தான் இங்கே ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நடந்தது என்ன?

கருவுற்ற ஐந்தாம் நாளில் கரு என்பது நூறு, இருநூறு செல்கள் கொண்ட ஒரு சிறு பந்து. அதன் உட்புறச் செல்கள் உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறன் பெற்றவை. அவற்றை முதன்முதலில் மனிதக் கருவிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் வளர்த்தவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன். ஆண்டு 1998. செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் மிஞ்சி, பெற்றோர் ஒப்புதலுடன் தரப்பட்ட கருக்களை அவர் பயன்படுத்தினார். செல்களைப் பிரித்தெடுக்கும்போது கரு அழிந்துவிடும். சிக்கலின் வேர் இதுதான்.

தாம்சன் அந்தப் பணியை அரசு நிதி இல்லாமல்தான் செய்தார். காரணம், டிக்கி-விக்கர் திருத்தம். மனிதக் கருவை உருவாக்கும் அல்லது அழிக்கும் ஆய்வுக்குக் கூட்டாட்சி அரசின் பணத்தைச் செலவிடக் கூடாது என்னும் இந்த விதி, 1996 முதல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு இணைக்கப்பட்டு வருகிறது.

2001 ஆகஸ்ட் 9 அன்று புஷ் தம் முடிவை அறிவித்தார். அந்த நாளுக்கு முன்பே உருவாக்கப்பட்ட குருத்தணு வரிசைகளை ஆராய மட்டும் அரசு நிதி உண்டு. அதற்குப் பின் உருவாகும் வரிசைகளுக்கு இல்லை. கருக்கள் அழிந்தது அழிந்துவிட்டது, இனி அழிப்பதை அரசுப் பணம் ஊக்குவிக்கக் கூடாது என்பது அவர் வாதம். அறுபதுக்கும் மேற்பட்ட வரிசைகள் உள்ளன என்றார்; நடைமுறையில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை சுமார் 21 மட்டுமே.

ஆக, நாடு முழுமைக்குமான தடை எதுவும் இல்லை. தனியார் பணத்திலும் மாநிலப் பணத்திலும் ஆய்வு தொடர்ந்தது. கருக் குருத்தணு ஆய்வுக்குக் கூட்டாட்சி நிதி முதன்முதலில் வழங்கப்பட்டதே புஷ் காலத்தில்தான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அரசு நிதியில் வாங்கிய கருவியைப் புதிய வரிசைகளுக்குப் பயன்படுத்த முடியாது. எனவே பல ஆய்வகங்கள் தனி அறை, தனிக் கருவி, தனிக் கணக்கு என்று பிரித்து வைக்க வேண்டியதாயிற்று.

கரும்பலகையில் மூன்று கட்டங்கள்

மறு வகுப்பில் முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பிறகு கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தேன்: அறிவியல் வினா, அறநெறி வினா, பொதுப்பண வினா. ஒவ்வொரு குழுவுக்கும் சில வாக்கியங்களைத் துண்டுச்சீட்டில் தந்து, உரிய கட்டத்தில் ஒட்டச் சொன்னேன்.

"ஐந்தாம் நாள் கருவில் நரம்பு மண்டலம் தோன்றியிருக்காது" என்பது அறிவியல் கட்டத்துக்குப் போனது. "அந்தக் கருவுக்கும் மனித உயிருக்குரிய முழு மதிப்பு உண்டு" என்பது அறநெறிக் கட்டத்துக்கு. "ஒரு செயலைப் பெரும் தவறு என நம்புகிறவரின் வரிப்பணத்தை அச்செயலுக்குச் செலவிடலாமா?" என்பது பொதுப்பணத்துக்கு.

ஒரு சீட்டு மட்டும் எங்கும் ஒட்டப்படாமல் நின்றது. "மிஞ்சிய கருக்கள் எப்படியும் அழியத்தான் போகின்றன, அதனால் அவற்றை ஆய்வுக்குப் பயன்படுத்துவதே சரி." நெடுநேரம் வாதிட்ட பிறகு ஒரு மாணவன் சீட்டை வாங்கி நடுவில் கிழித்தான். முதல் பாதியை அறிவியலிலும் அடுத்த பாதியை அறநெறியிலும் ஒட்டினான். நான் திட்டமிடாத பாடம் அது. முதல் பாதியும் முழு உண்மை இல்லை என்று நான் சேர்த்துச் சொன்னேன். அத்தகைய கருக்களைச் சில குடும்பங்கள் தத்தெடுத்துக் குழந்தை பெற்றிருக்கின்றன. 2006இல் புஷ் தம் முடிவை விளக்கியபோது அந்தக் குடும்பங்களை அருகில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

கட்சி மட்டும் காரணமில்லை

"அப்போ ஒரு கட்சி ஆதரவு, இன்னொரு கட்சி எதிர்ப்பு, அவ்வளவுதானே?" என்று ஒருவன் கேட்டான். அவ்வளவு எளிதல்ல. கருக்கலைப்பை எதிர்த்த குடியரசுக் கட்சி செனட்டர் ஓரின் ஹாட்ச் இந்த ஆய்வை ஆதரித்தார். அல்சைமர் நோயால் வாடிய முன்னாள் அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகனும் தம் கட்சி அதிபரின் நிலைக்கு மாறாக ஆதரவு தெரிவித்தார்.

நிதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மசோதா 2006 ஜூலையில் செனட்டில் 63-37 என நிறைவேறியது. புஷ் அதை நிராகரித்தார். அவர் பதவிக்காலத்தில் பயன்படுத்திய முதல் ரத்து அதிகாரம் அதுவே. அதை மீறப் பிரதிநிதிகள் அவையில் நடந்த வாக்கெடுப்பில் கிடைத்தவை 235-193. மூன்றில் இரண்டு பங்குக்கு எத்தனை வாக்குகள் குறைந்தன என்று கணக்கிடச் சொன்னேன். 51 என்றார்கள். பெரும்பான்மை இருந்தும் சட்டம் ஏன் நிறைவேறவில்லை என்பது அந்தக் கணக்கிலேயே அவர்களுக்கு விளங்கிவிட்டது.

2009 மார்ச் 9 அன்று ஒபாமா ஆணையிட்டுத் தேதிக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் டிக்கி-விக்கர் திருத்தம் அப்படியே இருந்தது. கருவிலிருந்து செல்களைப் பிரிக்கும் பணிக்கு அரசுப் பணம் அப்போதும் இல்லை. பிரித்த செல்களை ஆராய மட்டுமே உண்டு. இந்தப் பிரிவினை செல்லுமா என்று வழக்கும் வந்தது. 2010இல் ஒரு நீதிபதி நிதியை நிறுத்தினார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

இடையே அறிவியல் வேறொரு வழியும் கண்டது. ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006இல் எலியின் சாதாரணச் செல்களையும், 2007இல் மனிதச் செல்களையும் குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்பினார். 2012இல் நோபல் பரிசு பெற்றார். இது விவாதத்தின் சூட்டைத் தணித்தது. ஆனால் கருவின் மதிப்பு என்ன என்ற வினாவுக்கு விடை தரவில்லை. அந்த வினா ஆய்வகத்தில் தீர்வதல்ல.

வகுப்பு முடிந்த பின்

மணி அடித்த பிறகு ஒரு மாணவன் என்னிடம் வந்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து அவன் அப்பாவின் முதுகுத்தண்டு அடிபட்டிருந்தது. "சார், இதுல எங்கப்பா நடப்பாரா? பணம் கட்டுனா செய்றோம்னு ஒரு இடத்துல சொல்றாங்க. அம்மா நகையை வைக்கப் பாக்குறாங்க."

விவாதத்தில் நடுநிலை காத்த நான் இங்கே நடுநிலையாக இருக்க முடியாது. இது அறநெறி வினா அல்ல, உண்மை பற்றிய வினா. முதுகுத்தண்டுக் காயத்துக்குக் குருத்தணுச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, குறிப்பிட்ட இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றம் தவிர மற்றவற்றை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. இதை அவனிடம் சொன்னேன். அடுத்த நாள் அவன் அம்மாவையும் வரச்சொல்லி விளக்கினேன். நகையை வைக்கவில்லை.

அறநெறி வினாவில் மாணவர் தம் முடிவைத் தாமே எடுக்கட்டும். நம் கருத்தைத் திணிக்க வேண்டாம். உண்மை பற்றிய வினாவில் நாம் விலகி நிற்கவும் வேண்டாம். எது எந்த வினா என்று பிரித்தறியக் கற்பிப்பதே நம் வேலை. "தடை" என்று நான் சொன்ன ஒரு சொல் அந்தப் பிரிவை மறைத்துவிட்டது.

கீழ் வகுப்புகளிலும் இதைச் செய்யலாம். ஊர்ப் பொதுப்பணத்தில் குளத்தைத் தூர்வாருவதா, விளையாட்டுத் திடல் அமைப்பதா என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளைக் கேளுங்கள். கரும்பலகையில் கட்டங்களை வரையுங்கள். சீட்டைக் கிழிக்க ஒரு குழந்தை எழுந்து வரும்.